நாலு போட்டவர்கள்

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடும் ஓரளவு ஆரோக்கியத்தோடும் இருக்கிறோம். உன் மூட்டுவலியும் அத்தானின் இருமலும் இப்போது எந்த மட்டில் இருக்கின்றன என்று எழுது.

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஒரு பார்சல் வரும். பிரித்துப் பார்த்துத் திட்டாதே. நூற்று இருபது படிவங்கள், என் ஆராய்ச்சிக்கு. பல்கலைக்கழக ஊழியர்களுக்கு வேலையில் மனநிறைவு எதனால் வருகிறது, எதனால் போகிறது என்பதுதான் தலைப்பு. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

இருபத்திரண்டு வருடமாகத் தேர்வுப் பிரிவில் இருக்கிறாய். அந்தக் கட்டடத்தில் உனக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஆளுக்கு ஒன்று கொடுத்து நிரப்பி வாங்கி அனுப்ப வேண்டும். முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். ஒன்று என்றால் துளியும் நிறைவில்லை, ஐந்து என்றால் முழு நிறைவு. கடைசிப் பக்கத்தில் மனதில் பட்டதை எழுத இடம் விட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். மூலையில் இருக்கும் எண் நான் எண்ணிக்கொள்வதற்கு மட்டும்.

ஒன்பது வருடமாக நான் தற்காலிக விரிவுரையாளர். விடுமுறை விட்டால் அன்றோடு நான் ஆசிரியரே இல்லை. டிசம்பரில் ஒரு நிரந்தர இடத்துக்கு நேர்முகம் இருக்கிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். இது விளையாட்டில்லை அக்கா, உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி

*

ஜூன் 29

தம்பிக்கு அக்கா எழுதுவது.

அத்தானின் இருமல் குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. என் மூட்டு மாடி ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்லும். இப்போது மாடி ஏறும் வேலையும் இல்லை. என்னைக் கீழ்த்தளத்தில் பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். சத்தமில்லாத இடம். ஜன்னல் கிடையாது, அதனால் வெயிலும் கிடையாது. கவலைப்பட ஒன்றுமில்லை. உன் முதுகுவலி எப்படி?

பார்சல் வந்தது. வந்த அன்றே கட்டடம் முழுவதும் செய்தி பரவிவிட்டது. எங்களிடம் விடைத்தாள் கட்டுகளுக்கு உறை ஒட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். பதினேழு வருடமாகத் தினக்கூலி. விரல்களில் எந்நேரமும் பசை காய்ந்திருப்பதால் எல்லோரும் கோந்து என்றுதான் கூப்பிடுகிறோம். உன் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். "அக்கா, இதுல பதவி உயர்வு திருப்தியா இருக்கான்னு கேட்டிருக்காங்க. நான் இன்னும் பதவியிலயே ஏறலையே. எந்தக் கட்டத்துல போடறது?"

சிரித்துவிட்டோம். ஆனால் யாரும் லேசில் வாங்கவில்லை. போன வருடம் ஒரு தட்டச்சர் பெயர் போடாமல் குறைப்பெட்டியில் ஒரு தாள் போட்டார். எந்த மெஷினில் அடித்தது என்று எழுத்தை வைத்தே கண்டுபிடித்து, ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மையத்துக்குத் தூக்கியடித்தார்கள். அதனால் ஒவ்வொருவரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது மேல போகாதே?" என்று கேட்டார்கள். "என் தம்பி கையைத் தாண்டாது. என்னை நம்பினா எழுதுங்க" என்றேன். நூறு முறைக்கு மேல் சொல்லியிருப்பேன். ஞாபகம் வைத்துக்கொள், உன்னுடைய படிவத்துக்கு என்னுடைய வாக்கு.

அக்கா

*

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு வளைந்தாலும் ஒடியவில்லை. குழந்தைக்குத்தான் இரண்டு நாளாகக் காய்ச்சல். ஜன்னலில்லாத அறையில் ஒரு மேசை விசிறியாவது கேட்டு வாங்கு. உன் இடத்தில் நான் இருந்தால் அங்கே தூங்கியே சர்வீஸை முடித்திருப்பேன்.

இன்னும் ஒரு சின்ன உதவி. எந்த எண்ணுள்ள படிவத்தை யாரிடம் கொடுத்தாய் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. திரும்பி வராத படிவங்களைக் கேட்டு வாங்க அது வேண்டும், என் வழிகாட்டிப் பேராசிரியரும் கேட்கிறார். இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான். நீ கொடுத்த வாக்கு எனக்குத் தெரியாதா? வேலை முடிந்ததும் அந்தத் தாளை நானே கிழித்துவிடுவேன்.

அன்புடன்,
தம்பி

*

ஜூலை 28

தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. அங்கே குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா?

நூற்றுப் பதின்மூன்று படிவங்கள் இத்துடன் வருகின்றன. மீதி ஏழு பேர் தொடவே பயப்படுகிறார்கள், அவர்களை விட்டுவிடு. நீ கேட்ட பட்டியலும் இருக்கிறது. எழுதும்போது கை கூசியது. இரண்டு முறை பாதியில் மூடி வைத்தேன். கேட்கிறவன் நீ என்பதால் முடித்தேன்.

என்னுடையதும் உள்ளே இருக்கிறது. எண் எழுபத்தாறு. டிக் போட்ட பக்கங்களைப் பார்க்காதே, அவற்றில் விசேஷம் ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் படி. பேனாவில் மை தீர்ந்துபோனதால் இரண்டு நிறத்தில் இருக்கும். படித்துவிட்டு எனக்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை. நீ படித்துவிட்டாய் என்று தெரிந்தால் போதும்.

அக்கா

*

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதம் எழுதாததற்குக் காதைத் திருகு, வாங்கிக்கொள்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் அப்போதே விட்டுவிட்டது. கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கொடுக்கிறார்கள். அதற்குள் எல்லாப் படிவங்களையும் ஏற்றி முடிப்பதற்குள் கண் பூத்துவிட்டது.

முடிவு பிரமாதம். உங்கள் ஊழியர்களின் சராசரி நாலுக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. இன்னொன்று கேள். பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த பெண்கள்தான் மற்ற எல்லோரையும்விட நிறைவானவர்கள்! அதாவது நீ! சரியான ஊமைக் குசும்பு அக்கா நீ. அங்கே சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டு எங்களிடம் மூட்டுவலிப் பாட்டுப் பாடுகிறாய்.

கடைசிப் பக்கங்களை இன்னும் புரட்டவில்லை. எழுத்துக்கு எண் போட முடியாது, ஆய்வைக் குழப்பும், விட்டுவிடு என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். உன்னுடையதை மட்டும் ஒரு நாள் எடுத்துப் படிக்கிறேன்.

அன்புடன்,
தம்பி

*

அக்டோபர் 15

தம்பிக்கு,

அத்தானுக்கு மறுபடி இருமல். எனக்கு இந்த அறையின் ஈரத்தில் தோளும் பிடித்துக்கொண்டது. தைலம் தடவிக்கொண்டு எழுதுகிறேன், தாளில் வாசனை வந்தால் முகம் சுளிக்காதே.

உன் முடிவைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் எப்படி நிரப்பினோம் என்று சொல்கிறேன். ஒன்று போட்டால் மெமோ வரும். மூன்று போட்டால் கூப்பிட்டு வைத்து உனக்கு என்ன குறை என்று கேட்பார்கள். ஐந்து போட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் காக்கா பிடிக்கிறாய் என்பார். நாலு போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என்னை விட்டுவிடுங்கள் என்பதைத்தான் நாங்கள் நாலு என்று எழுதினோம்.

டிக் போடும் பக்கங்களை எல்லோரும் மேசையில் வைத்து, பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் நிரப்பினார்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதிவந்தார்கள். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு என்னத்தை ஆராய்ச்சி செய்தாய்?

படித்தாயா? பட்டியலைக் கிழித்தாயா?

அக்கா

*

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறதாமே. உங்கள் பதிவாளர் என் ஆய்வைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு வழிகாட்டிக்கு எழுதினார். ஊழியர்கள் நிறைவோடு இருக்கிறார்கள் என்பதைக் குழுவுக்குக் காட்ட வேண்டுமாம். அதற்கு ஆதாரமாக அசல் படிவங்களைக் கேட்டார். என் நேர்முகத்துக்கு வெளியிலிருந்து வரும் உறுப்பினரும் அவர்தான். வழிகாட்டி, "குடுத்துடுப்பா, உனக்கு நல்லதுதானே" என்றார். அனுப்பிவிட்டேன். பெயரில்லாத படிவங்கள்தானே.

பட்டியலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்,
தம்பி

*

டிசம்பர் 12

தம்பிக்கு,

உடம்பைப் பற்றி இன்று எழுதவில்லை.

போன திங்கட்கிழமையிலிருந்து பதிவாளர் அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். மேசையில் உன் படிவங்கள் கட்டாக இருக்கின்றன. எல்லாமே கடைசிப் பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. கூப்பிட்டு, "இருபத்தொண்ணாம் நம்பர் நீங்கதானே?" என்று கேட்கிறாராம். தெரியாமல் கேட்கவில்லை.

கோந்து அவருடைய பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தாராம். பதினேழு வருடமாக நின்றுகொண்டே ஒட்டுவதால் கால் வீங்குகிறது, உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று. "நாற்காலி கேட்டது நீதானா? இனிமே வீட்லயே உக்காந்துக்கலாம்" என்றாராம் பதிவாளர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இதை வந்து என்னிடம் சொல்லும்போது கோந்துவின் குரலில் கோபம் இல்லை. "பரவால்லக்கா, நீங்க வேணும்னேவா செஞ்சிருப்பீங்க?" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மற்றவர்கள் என்னோடு பேசுவதில்லை. நான் மாடிக்குப் போனால் பேச்சு நிற்கிறது. எல்லோரும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பட்டியலைக் கிழித்தாயா இல்லையா? ஒரு வரி எழுது. ஆம் அல்லது இல்லை.

அக்கா

*

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமே. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், எனக்கு நிரந்தர ஆணை வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர். இரண்டு வருடம் தகுதிகாண் பருவம், அப்புறம் யாரும் அசைக்க முடியாது. ஆணை வந்த அன்று ஒன்பது வருடத்துக்கும் சேர்த்துத் தூங்கினேன். துறைத் தலைவரே எழுந்து வந்து கை கொடுத்தார். நீ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. வீட்டில் எல்லோரும் அதையே சொல்கிறோம்.

உன் அலுவலக விஷயங்களை நேரில் பேசலாம். கடிதத்தில் எழுதினால் எல்லாமே பெரிதாகத் தெரியும். ஆறப்போடு. கோடை விடுமுறைக்கு அத்தானோடு வா.

அன்புடன்,
தம்பி

*

ஜனவரி 24

தம்பிக்கு,

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அத்தானிடம் சொன்னேன், அவரும் சந்தோஷப்பட்டார். இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை எழுதலாம்.

எனக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்திருக்கிறது. இணைப்பில் என் கடைசிப் பக்கத்தின் நகல், இரண்டு நிற மையோடு. நீ படிக்காததைப் பதிவாளர் படித்துவிட்டார். அதனால் நீயும் இப்போது தெரிந்துகொள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்னைக் கூப்பிட்டு, ஒரு பையனுடைய மதிப்பெண்ணைப் பதிவேட்டில் திருத்தச் சொன்னார். வாய் வார்த்தைதான், எழுத்தில் எதுவும் தரவில்லை. திருத்தி என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். பயம்தான், வேறு காரணம் இல்லை. முதலிடத்தில் இருந்த பெண் இரண்டாவதாகப் போனாள். உதவித்தொகை முதலிடத்துக்கு மட்டும்தான். அந்தப் பெண் மறுகூட்டலுக்கு என் ஜன்னலுக்கே வந்தாள். "மேடம், ஒருதடவை சரியா பாத்து சொல்லுங்களேன்" என்றாள். பார்ப்பதுபோல் பதிவேட்டைப் புரட்டி, "எல்லாம் சரியாத்தான்மா இருக்கு" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். போன மே மாதம் இன்னொரு பையனுக்காகக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். மறுநாளே கீழ்த்தளம்.

சம்பளம், மேசை, விசிறி எல்லாவற்றுக்கும் நாலு போட்டேன். அவள் சொன்ன நன்றிக்கு எந்த எண் போடுவது என்று தெரியாமல்தான் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். முகம் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கடிதத்தில் எழுதினால் நீ பதில் எழுத வேண்டியிருக்கும். படிவத்தில் என்றால் நீ படித்தால் மட்டும் போதும் என்று நினைத்தேன். இந்த உலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று இருந்தது.

இன்னும் பத்துப் பேருக்கு மெமோ. நிர்வாகத்தை அவதூறாக எழுதினார்களாம். கோந்துவைப் புது வருடத்திலிருந்து வேலைக்குக் கூப்பிடவில்லை. பிப்ரவரி கடைசியில் விசாரணை. விசாரிக்க வெளியிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வருகிறார், நியாயமான மனிதர் என்கிறார்கள். ரகசியம் காப்போம் என்று சொல்லித்தான் படிவங்கள் வாங்கப்பட்டன, பட்டியலைக் கேட்டது நீ, கொடுத்ததும் நீ என்று அவருக்கு ஒரு கடிதம் எழுது. என்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை, நான் செய்தது செய்ததுதான். அந்தப் பத்துப் பேரும் என் பேச்சை நம்பி எழுதியவர்கள்.

உனக்கு இதில் ஆபத்து இருக்கிறது, தெரியும். தெரிந்தே கேட்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 10

அனுப்புநர்: உதவிப் பேராசிரியர், மேலாண்மைத் துறை
பெறுநர்: பிரிவு உதவியாளர், தேர்வுப் பிரிவு

அம்மையீர்,

தங்களது 24ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது.

மேற்படி ஆய்வில் பங்கேற்றோரின் அடையாளம் எதுவும் ஆய்வாளருக்குத் தெரியாது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. அடையாளப் பட்டியல் எதுவும் ஆய்வாளரால் கோரப்படவில்லை. அத்தகைய பட்டியல் தயாரிக்கப்பட்டிருப்பின், அது தங்களது சொந்த விருப்பத்தின் பேரில் செய்யப்பட்டதாகவே கருதப்பட வேண்டும்.

இப்பொருள் குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து தேவையில்லை.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியர்

நகல்: பதிவாளர், தங்கள் பல்கலைக்கழகம் - தகவலுக்காக

*

மார்ச் 2

தம்பிக்கு,

எனக்குத் தோள்வலி விட்டுவிட்டது. அத்தான் நன்றாக இருக்கிறார். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அத்தான்தான் உறையைப் பிரித்தார். வேறு யாருக்கோ வந்தது நமக்கு வந்துவிட்டது என்று நினைத்து மறுபடி மடித்து வைத்தார். நான் பார்த்துத்தான் உன்னுடையது என்று சொன்னேன்.

விசாரணை முந்தாநாள் நடந்தது. பின்னால் பெஞ்சில் அந்தப் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கோந்துவும் வந்து கதவோரம் நின்றார். நீதிபதி உன் கடிதத்தின் நகலை உரக்கப் படித்தார். 'கோரப்படவில்லை' என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "அப்போ இந்த லிஸ்ட்டை யாரும் கேக்காமலே நீங்களா எழுதிக் குடுத்தீங்க?" என்றார்.

நீ பிறந்தபோது எனக்குப் பதினோரு வயது. உன்னை இடுப்பில் தூக்கித் தூக்கித்தான் எனக்கு இந்தப் பக்கம் சாய்ந்த நடை என்று அம்மா சொல்வாள். அதெல்லாம் ஒரு நொடியில் வந்து போனது. என் பையில் நீ ஜூலை மாதம் எழுதிய கடிதம் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாமல்தான் எடுத்துப் போயிருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் உனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கும் புதிதாக ஒன்றும் ஆகாது. பின்னால் இருந்த பத்துப் பேர் மட்டும், இவள்தான் நம்மைக் காட்டிக்கொடுத்தாள் என்று முடிவு செய்துகொண்டு வேலையை இழந்து வீட்டுக்குப் போவார்கள்.

எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"இது யாரோட கையெழுத்து?" என்றார். "என் கூடப்பிறந்த தம்பியோடது" என்றேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

ரகசியம் என்று சொல்லி வாங்கியதை எழுதியவர்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். பத்து மெமோவும் ரத்தாகும். தினக்கூலிக்கு மெமோவே கிடையாது என்பதால் கோந்துவுக்கு ரத்து செய்யவும் ஒன்றுமில்லை. அவர் வெளியில்தான் நிற்கிறார். நான் எழுதிய கடைசிப் பக்கத்தையும் ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் எந்தப் பதிவேட்டைப் பிரிக்க வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். பிரித்துவிட்டார்கள், என் சுருக்கொப்பம் அங்கே இருக்கிறது. கட்டுப்பாட்டு அலுவலர், தான் அப்படிச் சொன்னதே இல்லை என்கிறார். இந்த மாதத்துக்குள் என்னை அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் விலாசம் பதிவேட்டில் இருந்தது, குறித்துக்கொண்டேன். அவளுக்கு எழுத வேண்டும், இன்னும் முதல் வரி வரவில்லை.

முந்தாநாள் இரவு முழுக்க உனக்காக அழுதேன். கொடுத்தது தப்பு என்று ஒரு நிமிடமும் தோன்றவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. உனக்கு என் மேல் வரப்போகும் கோபம் எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியாது. எனக்கு உன் மேல் இருப்பதும் அப்படித்தான்.

நீதிபதி உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்து உங்கள் துணைவேந்தருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். சாதாரணத் தபால், நாலைந்து நாளில் அங்கே வந்துவிடும். துறைத் தலைவர் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அக்கா